இரண்டாவது கையெழுத்து

எண்பதுகளின் நடுவில், எனக்கு முப்பத்தொரு வயதில், பம்பாய் மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸுக்கு மேலே ஒண்டி அறையில் குடியிருந்தேன். ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோ வேலை. திங்கள் முதல் சனி மத்தியானம் வரை எப்படியோ ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு எமன். அன்று மத்தியானம் மெஸ்ஸில் பாயசத்தோடு சாப்பாடு போட்டுவிட்டு ராத்திரிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். குடும்பம் குட்டி உள்ளவர்கள் முலுண்டுக்கும் தாணேக்கும் உறவுக்காரர் வீட்டுக்குக் கிளம்புவார்கள். எனக்குப் போக ஒரு வீடு கிடையாது. அண்ணா ஒருவன் செம்பூரில் இருந்தான், எங்களுக்குள் பேச்சு இல்லை. அது இங்கே வேண்டாம்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தாதர் ஸ்டேஷனில், போக்கிடம் இல்லாமல் நின்றுகொண்டிருந்தபோது, தோளில் கயிற்றுச் சுருளோடு ஒரு கும்பல் கர்ஜத் வண்டிக்கு ஓடியது. ஏன் அவர்கள் பின்னால் போய் ஏறினேன் என்று இன்றைக்கும் தெரியாது. அதுதான் நான் மலையேற்றக் கிளப்பில் சேர்ந்த கதை. எல்லோரும் மராத்திக்காரர்கள், இரண்டு குஜராத்திகள், தமிழன் நான் ஒருவன். நல்லவர்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாறை ஏறுவது ஜோடி வேலை. ஒருவன் ஏறினால் இன்னொருவன் அவன் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடிக்க வேண்டும். அங்கே எல்லோருக்கும் காலேஜ் நாளிலிருந்தே ஜோடி இருந்தது. நான் நாலு வருஷமாக, எவனுடைய ஜோடிக்குக் காய்ச்சலோ அவனுக்கு ஜோடி.

ஒரு மழைக்காலம் முடிகிற சமயம், புதிதாக ஏறக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு டிசம்பரில் ஒரு கோர்ஸ் நடத்துவதென்று கமிட்டியில் முடிவானது. எங்கே நடத்துவது? மூன்று பேர் ஆளுக்கொரு இடம் பார்த்து வர வேண்டும், எது நல்லதோ அது. நானும் ஒருவன் என்று கையைத் தூக்கினேன். யாருடைய இடம் தேர்வாகிறதோ அவர்தான் கோர்ஸின் பொறுப்பாளர் என்பது கிளப் வழக்கம். ஒரு மூன்று நாளாவது, எங்கே உட்காருவது, எங்கே கயிறு கட்டுவது என்று இருபது பேர் என்னைக் கேட்க வேண்டும். இந்த ஆசையை அல்பம் என்று சொல்லலாம். அல்பம்தான். எனக்கு அது வேண்டியிருந்தது.

ஆரம்பக்காரர்களுக்கு இடம் பார்ப்பது பெண் பார்ப்பதைவிட மோசம். ஒன்று இருந்தால் ஒன்று இருக்காது. பாறை நாற்பதடிக்கு மேல் இருந்தால் பயந்துவிடுவார்கள், இருபதடி என்றால் சிரிப்பார்கள். உச்சியில் கயிறு கட்ட நல்ல மரம் வேண்டும், அந்த உச்சிக்குப் பின்பக்கமாக நடந்து போக வழி வேண்டும். கீழே காத்திருப்பவர்கள் உட்காரச் சமதரை, பக்கத்தில் தண்ணீர். தேன்கூடு இருக்கக் கூடாது. ஸ்டேஷனிலிருந்து ஒரு மணி நேர நடைக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் பம்பாய்க்காரன் மலைக்கே போனாலும் திரும்பி வரும் லோக்கல் ரயிலை மனசில் வைத்துக்கொண்டுதான் போவான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீணாகி, மூன்றாவது ஞாயிறு கர்ஜத் பக்கம் ஒரு சின்ன மலையில் எல்லாம் கூடிய இடம் கிடைத்தது. கறுத்த பாறை, முப்பத்தைந்தடி, மேலே சிம்மாசனம் போட்டதுபோல் ஒரு தடித்த மரம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் நான் தனியாகப் போயிருந்தேன். யாரைக் கூப்பிடுவது? கூப்பிட்டவர்கள் எல்லாம் தங்கள் ஜோடியோடு வேறு இடம் போயிருந்தார்கள். கயிறு பிடிக்க ஆளில்லாமல் ஏறக் கூடாது. கீழேயிருந்து பத்தடி வரை தொற்றிப் பார்த்தேன், பின்வழியாக உச்சிக்குப் போய்க் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தேன். நடுவில் இருபதடிக்கு மேல் என் கை படவே இல்லை. பார்வைக்கு நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

கிளப்பில் ஒரு விதி உண்டு. இடம் பார்த்த அறிக்கையில் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று ஏறியவருடையது, இன்னொன்று கயிறு பிடித்தவருடையது. இருவரும் போடாத பாறையில் புது ஆளை ஏற்றக் கூடாது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தாதரில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கமிட்டி கூடியபோது, என் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் செக்ரட்டரி சாதாரணமாகக் கேட்டார், கயிற்றில் யார் இருந்தது என்று. தனியாகப் போனேன் என்று சொல்லியிருந்தால் என்ன, அடுத்த வாரம் யாரையாவது கூட அனுப்பியிருப்பார். ஆனால் அறையில் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். என்னோடு வர ஒரு ஆள் கிடைக்கவில்லை என்பதை அத்தனை பேர் முன்னால் சொல்ல நாக்கு எழவில்லை. முலுண்டில் ஒரு ஃப்ரெண்ட், என்றேன். அடுத்த கூட்டத்துக்குக் கையெழுத்து வாங்கி வருகிறேன் என்றும் சொன்னேன்.

அந்தக் கையெழுத்தை இடது கையால் நானே போட்டேன்.

என் இடம் தேர்வானது. எல்லோரும் கை குலுக்கினார்கள். முலுண்ட் நண்பரைப் பற்றியும் கேட்டார்கள். நானும் சொன்னேன். பாங்கில் வேலை, பெண்டாட்டி டீச்சர், ஒரு பெண் குழந்தை, மலை என்றால் உயிர், ஆனால் கூட்டம் என்றால் ஆகாது, அதனால்தான் கிளப்பில் சேரவில்லை. வாய் அது பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே போயிற்று. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ராத்திரி சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போனால், இன்றைக்கு அவர் இருந்தால் இதைச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். முப்பத்தொரு வயது ஆண்பிள்ளை. கர்மம்.

கோர்ஸுக்கு மனுக்கள் வர ஆரம்பித்தன. பொறுப்பாளர் என்பதால் என் கையில்தான் கொடுத்தார்கள். ஒரு காலேஜ் பெண்ணின் மனுவில், சம்மதம் என்ற இடத்தில் அவளுடைய அப்பா கையெழுத்துப் போட்டு, அதற்குக் கீழே இன்னொரு வரி தானாக எழுதியிருந்தார். ஒரே மகள், பார்த்துக்கொள்ளவும். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நான் விளையாடியது என் மானத்தோடு மட்டும் இல்லை. யாரும் தொட்டுப் பார்க்காத இருபதடிப் பாறைக்கு அடியில் இந்தப் பெண்ணை நிறுத்தப் போகிறேன். கோர்ஸுக்கு முன்னால் அதை ஏறிப் பார்த்தே ஆக வேண்டும், அதற்கு ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் கிளப்காரனாக இருக்கக் கூடாது. ஒரு தடவை பார்த்தாயிற்றே, மறுபடி எதற்கு என்று கேட்பான்.

மெஸ்ஸில் எதிரே உட்காரும் ஏஜீஸ் ஆபீஸ்காரரைக் கேட்டேன். மலையில் என்ன கோயில் இருக்கிறது என்றார். கோயில் இல்லை என்றதும் ரசத்தில் ஆழ்ந்துவிட்டார். ஆபீஸில் இரண்டு பேரைக் கேட்டேன், ஒருவன் மச்சினி கல்யாணம் என்றான், இன்னொருவன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். கடைசியில் தாராவிக்குப் போனேன்.

தாராவியில் ஒரு பாய் எங்கள் கிளப்புக்கு இடுப்புப் பெல்ட்டும் கான்வாஸ் பையும் தோல் கையுறையும் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம். என் வயதுதான் இருக்கும். இரண்டு தையல் மெஷின், தோல் வெட்டும் மேஜை, அதற்கு மேலே பரணில் படுக்கை. மனைவி மக்கள் ஊரில், இவர் வருஷத்துக்கு ஒரு தடவை போய் வருவார். தமிழ் பேசுகிறவன் என்பதால் ஆர்டர் கொடுப்பதும் வாங்கி வருவதும் என் தலையில் விழுந்திருந்தது. மாட்டுங்கா ரயில் பாலத்தைத் தாண்டி நடந்தால் இருபது நிமிஷம். வேலை முடிந்தாலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் வருவேன். எங்களை இணைத்தது என்ன என்று அப்போது யோசித்ததில்லை. இரண்டு பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை இருந்தது, அவ்வளவுதான்.

விஷயத்தைச் சொன்னேன். கிளப்பில் சொன்ன பொய்யைச் சொல்லவில்லை, கயிறு பிடிக்க ஆள் வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

“ஏறி என்ன செய்விய சார்?” என்றார்.

“இறங்கிடுவோம் பாய்.”

“அதுக்குக் கீழயே இருந்துட்டா சோலி மிச்சம்லா.”

ஆனால் அந்த வார ஞாயிறு காலை தாதர் ஸ்டேஷனில் எனக்கு முன்னாலேயே வந்து நின்றார், இஸ்திரி போட்ட சட்டையோடு. நான் சைவம் என்பதால் மாட்டுங்காவுக்குப் போய் இட்லி கட்டிக்கொண்டு வந்திருந்தார். வண்டியில் ஜன்னலோரம் அவருக்குக் கொடுத்தேன். பம்பாய் வந்து பதினோரு வருஷத்தில் கல்யாணைத் தாண்டியது ஊருக்குப் போகும்போது மட்டும்தான் என்றார். வழியெல்லாம் என்னைக் கிண்டல் செய்துகொண்டே வந்தார். கயிற்றுக்கு ஒரு முனையில் பைத்தியக்காரன் என்றால் மறுமுனையில் இருப்பவனை என்னவென்று சொல்வார்கள் என்று கேட்டார். நான் அவ்வளவு சிரித்து வெகு நாளாகியிருந்தது. வண்டி முலுண்டில் நின்றபோது மட்டும் எனக்கு ஒரு மாதிரி இருந்தது, வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உச்சியில் மரத்தோடு சேர்த்து அவரைக் கட்டி உட்கார வைத்தேன். கயிற்றை முதுகுப்பக்கமாக இடுப்பைச் சுற்றி விட்டு, நான் ஏற ஏற அதை இழுத்துக்கொள்ள வேண்டும், விழுந்தால் இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று பத்துத் தடவை செய்து காட்டினேன். அவர் தைத்த தோல் கையுறையையே அவரிடம் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு கயிற்றை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார், முகம் சுளித்தார். நான் பின்வழியாகக் கீழே இறங்கிப் போனதும் கழற்றி வைத்துவிட்டிருக்கிறார். இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஆயிரம் கையுறை தைத்தவர்தான், ஆனால் வேலை செய்யும்போது ஒரு நாளும் அவர் கையில் கையுறையை நான் பார்த்ததில்லை. விரலில் தெரியாத பொருளை அவரால் நம்ப முடியாது.

பதினைந்தடி வரை சுகமாகப் போனேன். இருபது. கயிறு அளவாக மேலே போய்க்கொண்டே இருந்தது. மேலே இருக்கும் ஆளைப் பார்க்க முடியாது, ஆனால் ஒரு ஆள் இருக்கிறார் என்பது இடுப்பில் தெரியும். இருபத்தைந்தடியில் நல்ல அகலமான ஒரு விளிம்பு. எந்தப் புது ஆளும் முதலில் அதைத்தான் பிடிப்பான். நானும் பிடித்து உடம்பை ஏற்றினேன். ஸ்டூல் அகலத்துக்கு அந்தக் கல் அப்படியே பெயர்ந்து கையோடு வந்தது.

அது என் தோளை உரசிக்கொண்டு போனது. காத்திருப்பவர்கள் உட்கார நான் தேர்ந்தெடுத்திருந்த சமதரையில் விழுந்து சிதறியது. நானும் விழுந்தேன். ஐந்தாறடி போயிருப்பேன். பிறகு இடுப்பில் ஒரு வெட்டு வெட்டி நின்றேன். மேலேயிருந்து குரல் வந்தது. “பிடிச்சிருக்கேன் சார். பயப்படாதிய.”

மெதுவாக, அங்குலம் அங்குலமாக என்னைத் தரைக்கு இறக்கினார். அவிழ்த்துப் போட்டுவிட்டுப் பின்வழியில் ஓடினேன். மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார், தளர்ந்துபோன கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தபடி. நான் வந்துவிட்டேனே பாய், விடுங்கள் என்றேன்.

“நீங்க விடச் சொல்லலியே,” என்றார்.

கையை விரித்தார். ஓடிய கயிறு இரண்டு உள்ளங்கையிலும் தோலை உரித்துக்கொண்டு போயிருந்தது. அந்த எரிச்சலோடு என்னை இருபதடி இறக்கியிருக்கிறார். தண்ணீர் ஊற்றி, என் துண்டைக் கிழித்துக் கட்டினேன். இட்லியை நான்தான் பிட்டுக் கொடுத்தேன். திரும்பும் வண்டியில் இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தேன். அவருக்கு அது அலுத்துவிட்டது.

“அதை விடுங்க. ஒரு பச்சப்புள்ள கீழ நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்? அந்த எடம் வேண்டாம்னு உங்க ஆளுங்ககிட்ட சொல்லிருங்க.” கொஞ்சம் கழித்து, சிரித்துக்கொண்டே சொன்னார், “கயிறு யாரு பிடிச்சான்னு கேப்பாவல்லா? தாராவி பாய்னு சொல்லுங்க. பெல்ட்டு தைக்கிறவன்னு சொன்னா நம்ப மாட்டாவ.”

சொல்கிறேன் பாய், என்றேன்.

செவ்வாய்க்கிழமை வகுப்பறையில் எழுந்து நின்றேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்றுதான் போனேன், சத்தியமாக. பாறை சரியில்லை, பிடிகல் பெயர்ந்து வந்துவிட்டது, அந்த இடம் வேண்டாம் என்றேன். அதுவரை சரியாகச் சொன்னேன். முதலில் ஏறியபோது வராத கல் இப்போது எப்படி வந்தது என்று செக்ரட்டரி கேட்டார். சந்தேகமாகத்தான் இருந்தது, அதனால் மறுபடி போய்ப் பார்த்தோம் என்றேன். யாரோடு, அதே முலுண்ட் நண்பரோடா என்றார்.

அந்த நிமிஷம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. எல்லோருக்கும் பாயைத் தெரியும். அவர் தைத்த பெல்ட்தான் அந்த அறையில் பாதிப் பேர் இடுப்பில். தாராவி பாய்தான் பிடித்தார், அவர் கை உரிந்துபோயிற்று என்று சொல்ல வேண்டியதுதான். சொன்னால் முலுண்ட்காரர் யார் என்று கேட்பார்கள், கையெழுத்து யாருடையது என்று கேட்பார்கள். இன்னொன்றும் இருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். பாங்க் வேலை, டீச்சர் மனைவி என்று இருக்கும் நண்பன் ஒருவன் எனக்கு இருப்பதாக அவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். தாராவியில் பெல்ட் தைக்கிறவர்தான் என் ஒரே துணை என்று அவர்களுக்குத் தெரிவதில் எனக்குக் கூச்சம் இருந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆமாம், என்றேன்.

திட்டுவார்கள் என்று நினைத்தேன், பாராட்டினார்கள். தேர்வான இடத்தை மறுபடி போய்ச் சோதித்து, தானே வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும் என்றார் செக்ரட்டரி. கோர்ஸ் இன்னொருவருடைய இடத்துக்குப் போனது, பொறுப்பும் அவருக்குப் போனது. முலுண்ட் நண்பருக்கு நன்றி தெரிவித்து டைப் அடித்த ஒரு கடிதத்தை என்னிடம் கொடுத்து அவரிடம் சேர்க்கச் சொன்னார்கள். அதை நான் பையில் வைத்துக்கொண்டேன்.

பாயைப் பார்க்கப் போக முகமில்லாமல் இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். அது இன்னொரு முட்டாள்தனம். கோர்ஸுக்குப் புது பெல்ட் அவசரமாகத் தேவைப்பட்டது. நான் போகாததால் செக்ரட்டரியே தாராவிக்குப் போய் வாங்கி வந்துவிட்டார். அடுத்த கூட்டத்தில் என்னிடம் வந்து சொன்னார். “உங்கள் தையல்காரர் பாவம், இரண்டு கையிலும் கட்டு, வேறு ஆளை வைத்துத்தான் பெல்ட்டை முடித்திருக்கிறார். என்னவென்று கேட்டேன், மெஷினில் அடிபட்டது என்றார். கர்ஜத் பாறை விஷயம் எப்படிப் போயிற்று என்று அவராகவே விசாரித்தார். உங்கள் முலுண்ட் நண்பர்தான் கயிறு பிடித்துக் காப்பாற்றினார், அவருக்குக் கடிதமே கொடுத்திருக்கிறோம் என்று சொன்னேன். சந்தோஷப்பட்டார்.”

மறுநாள் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுத் தாராவிக்குப் போனேன். பாய் மெஷினில் உட்கார்ந்திருந்தார். கட்டைப் பிரித்துவிட்டிருந்தார், உள்ளங்கையில் புதுத்தோல் ரோஸ் நிறத்தில் தெரிந்தது. வாங்க சார், என்றார். எப்போதும் போலத்தான் சொன்னார், ஆனால் பக்கத்து ஸ்டூலில் கிடந்த தோல் துண்டுகளை எடுத்து வைக்கவில்லை. நான் நின்றேன்.

“கை தேவலையா பாய்?”

“தேவல.” ஊசியில் நூலைக் கோத்தார். விரலை மடக்க இன்னும் சிரமப்பட்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, கிண்டல் இல்லாமல், நிஜமாகவே விசாரிப்பது போல் கேட்டார்.

“முலுண்டுல உள்ளவுகளுக்குக் கையில ஒண்ணும் ஆகலியே?”

பையில் அந்தக் கடிதம் இருந்தது. அப்படி ஒரு ஆளே கிடையாது பாய், பிடித்தது நீங்கள் ஒருவர்தான், எனக்கு இருந்ததே நீங்கள் ஒருவர்தான் என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் நடந்து போயிருந்தேன். அவர் பதிலுக்குக் காத்திருந்தார். நான் என்ன சொல்கிறேன் என்று பார்க்க அவருக்கு நேரம் இருந்தது.

“இல்ல பாய்,” என்றேன். “அவர் நன்னா இருக்கார்.”

தலையை ஆட்டிவிட்டு மெஷினை ஓட்ட ஆரம்பித்தார். நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வெளியே வந்தேன்.